மலையடிவாரத்தில் ஒரு சிறுவன்

கடிதம் எழுதியவர் 44 வயதுப் பெண், அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகனுக்குப் பதினான்கு வயது. ஒன்பது வயதிலிருந்து வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். கடிதம் பதினோரு பக்கம். அதன் சாரம் இது:

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மலைவாசஸ்தலத்தில் நடந்த உபவாச முகாமின் கடைசி இரவில் இவருக்கு ஓர் அனுபவம் ஏற்பட்டது. மூடிய கண்களுக்குள் வெளிச்சம், உடலெங்கும் இதமான சூடு, விடியும்வரை நிற்காத கண்ணீர். இயேசு ஒளிமயமாக மாறியதைச் சீஷன் பேதுரு கண்ட மறுரூப மலையில், அவனோடு தானும் நின்றதுபோல் இருந்தது என்கிறார். அந்தச் சமாதானம் இரண்டு மாதம் நீடித்தது. பிறகு மெல்ல மங்கிப் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற ஊர் ஊராகக் கூட்டங்களுக்குப் போகிறார். வாரத்தில் மூன்று நாள் உபவாசம். மேடையில் ஏறி இருபது முறைக்கு மேல் சாட்சி சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஏதோ ஒன்று கூடிவிடுகிறதோ என்ற சந்தேகமும் வருகிறதாம். முகாமை நடத்திய ஊழியக்காரர், வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரும்படியும், அவர் கட்டும் ஜெபக் கூடாரத்துக்கு நகைகளைக் காணிக்கையாகக் கொடுக்கும்படியும் சொல்கிறார். கணவர் தடுக்கிறார். கடைசிப் பத்தியில், போகிற போக்கில், ஒரு செய்தி. 'விசுவாசத்தில் நின்றால் மாத்திரை தேவையில்லை' என்று அந்த ஊழியக்காரர் சொன்னதால், கணவருக்குத் தெரியாமல் மகனின் மாத்திரையை நான்கு நாள் நிறுத்தியிருக்கிறார். ஐந்தாம் நாள் பையன் குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல் போடும்படி ஆயிற்று.

இவர் கேட்பவை மூன்று. மகிமை ஏன் என்னை விட்டுப் போனது? வேலையை விடலாமா? சாத்தானின் கருவியாக நிற்கும் கணவரை எப்படிச் சமாளிப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேட்காத நான்காவதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்றவை ஒரு மாதம் காத்திருக்கும். இது இன்று இரவுகூடக் காத்திருக்காது.

முதலில் மாத்திரை

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வரலாம். சில சமயம் ஒன்று விட்டதும் அடுத்தது என்று விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல ஆண்டுகள் வலிப்பே வராத பிள்ளைக்குக்கூட மருத்துவர்தான் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். உங்கள் மகனுக்கு மாத்திரையை மறுபடி கொடுக்கத் தொடங்கிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. தொடங்கவில்லை என்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அவனுடைய மருத்துவருக்குப் போன் செய்து, நான்கு நாள் விட்டதை மறைக்காமல் சொல்லி, எப்படித் தொடங்குவது என்று கேளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள். பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் மறைக்கவும் முடியாது: தன் பொறுப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு அதனால் துன்பம் நேர்ந்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அது குற்றம். தாய் என்பதற்காகவோ, நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதற்காகவோ சட்டம் தானாக விலகி நிற்காது.

இனி வேதத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்களிடம் வேதத்தை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். 'இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றிப் போகாது' என்ற வசனத்தை நீங்கள் இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அது எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தீர்களா? நீங்கள் உயிராக நேசிக்கும் அதே மறுரூப மலையின் அடிவாரத்தில் வருகிறது. லூக்கா தன் சுவிசேஷத்தில் மிகத் தெளிவாக எழுதுகிறார்: மறுநாள் அவர்கள் மலையிலிருந்து இறங்கியபோது, ஒரு தகப்பன் கூட்டத்திலிருந்து சத்தமிடுகிறான். அவனுக்கு ஒரே பிள்ளை. மத்தேயுவில் அந்தப் பையனுக்குச் 'சந்திரரோகி' என்று பெயர். நம் தாத்தா காலத்துத் தமிழில் அது வலிப்பு நோய்தான். தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்கிறான் தகப்பன். குளியலறையில் விழுந்த உங்கள் பிள்ளை எனக்கு உடனே நினைவுக்கு வந்தான்.

அந்தப் பையனின் நோயை அசுத்த ஆவியோடு சேர்த்துத்தான் சுவிசேஷம் பேசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து வலிப்பெல்லாம் பிசாசு என்று சொல்ல மத்தேயுவே இடம் கொடுக்கவில்லை. நான்காம் அதிகாரம் 24ஆம் வசனத்தில், இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைப் பட்டியலிடும்போது, பிசாசு பிடித்தவர்களைத் தனியாகவும் சந்திரரோகிகளைத் தனியாகவும் எழுதுகிறார். இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தால் இரண்டு சொல் எதற்கு?

இன்னொன்று. உங்கள் விசுவாசக் குறைவினால்தான் மகன் சுகமாகவில்லை என்று உங்களிடம் சொல்லப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டு எத்தனை இரவு தூங்காமல் இருந்தீர்களோ! வசனத்தைத் திரும்பப் படியுங்கள். 'உங்கள் அவிசுவாசத்தினாலேதான்' என்று இயேசு யாரிடம் சொன்னார்? பையனின் தகப்பனிடம் அல்ல. 'எங்களால் ஏன் துரத்த முடியவில்லை' என்று தனியாக வந்து கேட்ட சீஷர்களிடம். சுகமாக்க முயன்று தோற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தையை எடுத்து, நோயாளியின் தாய் தலையில் வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தகப்பனிடம் இயேசு கேட்டதெல்லாம், 'இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று' என்று ஒரு மருத்துவர் கேட்கும் கேள்வி. அவிசுவாசமும் விசுவாசமும் கலந்து 'என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று அழுத தகப்பனை அவர் திருப்பி அனுப்பவும் இல்லை.

மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்றால், தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அப்போஸ்தலன் பவுல் யோசனை சொல்லியிருக்கமாட்டார். கூட வந்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று கூச்சமில்லாமல் எழுதியிருக்கவும் மாட்டார். வேலூரில் 1900ஆம் ஆண்டு ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடருக்கு விசுவாசம் இல்லை என்று அந்த ஊழியக்காரர் சொல்வாரா? ஜெபியுங்கள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அவன் தலையில் கை வைத்து ஜெபியுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, சரியான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும்.

மகிமை ஏன் போனது?

உங்களுக்கு அன்று இரவு நேர்ந்தது வெறும் பிரமை என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ஆனால் அது மங்கியதால் நீங்கள் ஏதோ பாவம் செய்துவிட்டீர்கள் என்ற முடிவு தவறு.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒளி அவன் கண்ணெதிரே எவ்வளவு நேரம் இருந்தது? அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து மூடிவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது இயேசுவைத் தவிர ஒருவரும் இல்லை. முகம் சூரியனைப்போல் பிரகாசித்த இயேசு அல்ல, முந்தின நாள் அவர்களோடு மலையேறி வந்த அதே இயேசு. அவர் வந்து, அவர்களைத் தொட்டு, 'எழுந்திருங்கள், பயப்படாதேயுங்கள்' என்றார். அதற்குப் பிறகு பேதுரு அந்த மலைக்குத் திரும்பிப் போனதாகச் சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. அவன் பெயரால் உள்ள இரண்டாம் நிருபத்தில், அந்த மகத்துவத்தைக் கண்ணாரக் கண்டோம், சத்தத்தைக் காதாரக் கேட்டோம் என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே வாசகரை எங்கே அனுப்புகிறான்? மலைக்கு அல்ல; இருளான இடத்தில் விளக்கைப்போல் எரிகிற வசனத்துக்கு அனுப்புகிறான். ஒளியைக் கண்டவன் மற்றவர்களுக்குக் கொடுத்தது விளக்கை.

மேகத்திலிருந்து வந்த சத்தத்தையும் கவனியுங்கள். 'பாருங்கள்' என்று சொல்லவில்லை, 'இவருக்குச் செவிகொடுங்கள்' என்றுதான் சொன்னது. அவ்வளவு பெரிய காட்சிக்கு நடுவில் கண்ணுக்கு ஒரு கட்டளையும் இல்லை. எதைக் கேட்க வேண்டும்? ஆறு நாளைக்கு முன்பு இயேசு தாம் பாடுபட்டு மரிக்கப்போவதைச் சொன்னபோது பேதுரு கேட்க மறுத்தானே, அதைத்தான். மலையில் இயேசுவோடு தோன்றிய பழைய தீர்க்கதரிசிகள் மோசேயும் எலியாவும் பேசியதும் அதே விஷயம் என்று லூக்கா எழுதுகிறார்: எருசலேமில் நிறைவேறப்போகிற மரணம். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல் எக்ஸொதொஸ். புறப்பாடு என்று பொருள். இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டதற்கும் அதே சொல்தான். அந்த ஒளியின் நடுவே பேச்சு சிலுவையைப் பற்றி இருந்தது. உங்கள் முகாமில் இதைப் பற்றி யாராவது பேசினார்களா?

வந்த இரண்டு பேரும்கூட மலையின் ரகசியம் தெரிந்தவர்கள். மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தபின் கேட்ட வார்த்தை 'நீ இறங்கிப்போ'. கீழே ஜனங்கள் கும்பிடுவதற்குப் பொன் கன்றுக்குட்டியைச் செய்துவைத்திருந்தார்கள். இன்னொரு முறை இறங்கி வந்தபோது அவன் முகம் ஒளிவீசியது. ஆனால் அது அவனுக்கே தெரியாது என்று யாத்திராகமம் சொல்கிறது. எலியாவின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்தவனுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தரிசனம் அல்ல, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டான், தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். அதன்பிறகுதான் ஓரேப் மலையும், அங்கே கடவுள் பேசிய அந்த மெல்லிய சத்தமும். அதன் முடிவிலும் 'திரும்பிப்போ' என்றுதான் உத்தரவு.

வாரம் மூன்று நாள் பட்டினி, பின்னிரவுவரை தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை, வகுப்பில் பாடம் எடுக்கப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவிக்குரிய வறட்சி என்று நீங்கள் பெயர் வைத்திருப்பதில் பாதி உடம்பின் களைப்பாக இருக்கலாம், மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். இந்த வயதில் ஹார்மோன் மாற்றமும் சேர்ந்துகொள்ளும். மகனை அழைத்துப் போகும்போது நீங்களும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். எலியாவுக்குக் கிடைத்த சலுகை உங்களுக்கும் உண்டு.

சாட்சி சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. மலையிலிருந்து இறங்கும்போதே, மனுஷகுமாரன் உயிர்த்தெழும்வரை இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்று இயேசு கட்டளையிட்டார். பழைய செப்புப் பாத்திரம் போன்றவை சில அனுபவங்கள். அடிக்கடி தேய்த்தால் பளபளக்கும், ஆனால் மெலிந்துபோகும். சொல்லும்போதெல்லாம் ஏதோ கூடுகிறதே என்று உங்களுக்கு உறுத்துகிறது அல்லவா, அந்த உறுத்தலை மதியுங்கள். கொஞ்ச காலம் மேடை வேண்டாம்.

கூடாரம் போடும் ஆசை

மலையிலேயே இயேசுவுக்கும் மோசேக்கும் எலியாவுக்கும் மூன்று கூடாரம் போடுவோம் என்று பேதுரு சொன்னதை எல்லாரும் கேலி செய்கிறோம். பாவம், அவன் மிரண்டுபோய்ப் பேசினான், இன்னது பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினான் என்று மாற்கு அவனுக்காகப் பரிந்து எழுதுகிறார். நல்ல கணம் நழுவிவிடக் கூடாது என்று யாருக்குத்தான் தோன்றாது? அந்த மலை எது என்று சுவிசேஷங்கள் சொல்லவில்லை. பழைய மரபு கலிலேயாவின் தாபோர் என்கிறது. பிலிப்புச் செசரியாவுக்கு அருகில் 2,814 மீட்டர் உயர எர்மோன்தான் என்பவர்களும் உண்டு. தாபோரின் உச்சியில் 1924இல் கட்டி முடித்த தேவாலயத்தில் மோசேக்கு ஒரு சிற்றாலயம், எலியாவுக்கு ஒரு சிற்றாலயம். பேதுரு கேட்ட மூன்று கூடாரங்களையும் மனிதர்கள் கடைசியில் போட்டேவிட்டார்கள்!

இயேசு பேதுருவின் யோசனைக்குப் பதிலே சொல்லவில்லை. உங்கள் ஊழியக்காரரின் யோசனைக்கு நான் சொல்கிறேன். நகை உங்களுடையது. அதைக் கொடுக்கவும் கொடுக்காமலிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் 'கொடுத்தால் மகனுக்குச் சுகம்' என்று சொல்லிக் கேட்பது காணிக்கை அல்ல, பேரம். விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதற்குத்தான். மகனின் சிகிச்சைக்கு இனியும் செலவு இருக்கிறது.

வேலையை இந்த மனநிலையில் விடாதீர்கள். ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பல ஆண்டுப் பணிப் பயன்கள் பறிபோகலாம், அதைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. முழுநேர ஊழிய அழைப்பு உண்மையானால் அது ஓராண்டு காத்திருந்தாலும் அழியாது. அவசரப்படுத்துகிற அழைப்பைச் சந்தேகப்படலாம், தப்பில்லை. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்பதும் ஊழியம்தான் என்று சொன்னால் நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். ஆனாலும் சொல்கிறேன்.

மலைக்குப் போகாத ஒன்பது பேர்

கணவரைப் பற்றி எழுதிய பக்கத்தில் 'எனக்குப் பின்னாகப் போ சாத்தானே' என்று அவரிடம் சொன்னதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை இயேசு சொன்னது பேதுருவிடம். மத்தேயுவின் கணக்குப்படி ஆறு நாள் கழித்து அதே பேதுருவைத்தான் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் மூன்று ஆண்டாகக் கணவரை மலையடிவாரத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறீர்கள்.

பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் மேலே போனார்கள். மற்ற ஒன்பது பேரும் சீஷர்களே. கூட்டத்தையும் வேதபாரகரின் வாக்குவாதத்தையும் நோயாளிப் பிள்ளையையும் கீழே நின்று எதிர்கொண்டவர்கள் அவர்கள். மேலே போன மூவரோ, சில நாட்களுக்குள் தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதத்தில் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். யாக்கோபும் யோவானும் வலதுபக்கம், இடதுபக்கம் ஆசனம் கேட்டார்கள். இயேசு பிடிபட்ட இரவில் கெத்செமனே தோட்டத்தில் அதே மூவரும் தூங்கினார்கள். மகிமையைக் கண்டது அவர்களை ஒரே நாளில் பரிசுத்தவான்களாக்கிவிடவில்லை. ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் கடையைத் திறக்கப் போகிற உங்கள் கணவர், பையனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு தையல் போட ஓடியவர். கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் எழுதியிருப்பது அது.

அவரிடம் மாத்திரை விஷயத்தை முழுமையாகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். வசனம் எதுவும் சேர்க்காமல் கேளுங்கள். இனி மருந்து கொடுப்பதை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு செய்யுங்கள். அவர் கோபப்பட்டால் அது அவருடைய உரிமை, உடனே ஆறவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் சபைப் போதகர் நிதானமானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமானால் மூவரும் உட்கார்ந்து பேசலாம்.

இத்தாலிய ஓவியர் ராஃபேல் 1520இல் இறப்பதற்கு முன்பு கடைசியாக வரைந்த ஓவியம் மறுரூபக் காட்சிதான். வத்திக்கானில் இருக்கிறது. மேல்பாதியில் ஒளிமயமான இயேசு. கீழ்ப்பாதி இருட்டில், கண் செருகிய ஒரு சிறுவனைத் தகப்பன் தாங்கிப் பிடித்திருக்கிறான். இரண்டும் ஒரே சட்டத்துக்குள். நம் வீட்டுக் காலண்டர்களுக்கு மேல்பாதி மட்டும்தான் வந்து சேருகிறது. இயேசு பையனைக் குணமாக்கியபின் என்ன செய்தார் என்று லூக்கா எழுதும் வரி எனக்கு மிகவும் பிடிக்கும்: 'அவன் தகப்பனிடத்தில் ஒப்புக்கொடுத்தார்.' மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்ல வைக்கவில்லை.

பதினோரு பக்கத்தில் அந்த ஊழியக்காரரின் பெயர் பதினேழு இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். உங்கள் மகனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, 'பையன்' என்று மட்டும் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அவன் பெயரையும் எழுதுங்கள். இங்கே அச்சில் வராது. ஜெபத்தில் சொல்ல எனக்கு வேண்டும்.